மணியத்தைக் கீழே இறக்கிய வாரம்

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றால் முதலில் பேர் கூப்பிடுவார்கள். யார் வந்தான், யார் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வேலை. நானும் அப்படியே தொடங்குகிறேன்.

நான். நாற்காலியில், முதுகுக்கு ஒரு தலையணை.

லூர்து அக்கா. பக்கத்து வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் முன்னால், கண்ணாடி மூக்கு நுனியில்.

சரோஜா. மணியத்தின் மனைவி. கதவில் சாய்ந்து, கையில் ஆஸ்பத்திரிக் காகிதம்.

மணியம். கட்டில் ஓரத்தில். இடது கண்ணில் புரை, உறைந்த ரப்பர் பால் நிறத்தில்.

மணியம். இவன் இன்னொருவன். பூமிக்கு மேலே, எண்ணெய் தீர்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அறையில் நாலு பேர், மேலே ஒருவன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மீன் குழம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"அண்ணே, அந்தப் பொம்மைய எறக்கி விடுங்க," என்றார் சரோஜா. "இவரு கையெழுத்து போட மாட்டேங்கிறாரு."

"எறக்குறோம்மா."

"புதன்கிழமை ஆப்பரேசன். எவ்வளவு மாசம் காத்துக் கெடந்து கெடைச்ச தேதி! இத விட்டா எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

கட்டிலிலிருந்து மணியம் சொன்னான்: "நான் மேல சுத்திக்கிட்டு இருக்கேன். கீழ எப்படி லா படுத்துக் கண்ண அறுக்க விடுறது?"

லூர்து அக்கா சிரிப்பை அடக்கினார். தோள் மட்டும் குலுங்கியது.

பத்திரிகையில் நான் எழுதும் லாரிக் கதைகளைப் படித்துவிட்டு, பாரிட் புந்தாரிலிருந்து ஓர் அம்மா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். எப்போது பார்த்தாலும் லாரி, பிரேக், பள்ளம் என்றே எழுதுகிறீர்களே, சிரிக்கிற மாதிரி உங்களுக்கு எதுவுமே நடக்கவில்லையா என்று கேட்டிருந்தார். நடந்தது. இதுதான் அது.

மகள் விட்டுப்போன பெட்டி

மகள் பினாங்குக்கு வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுப் போனாள். நான் அப்போதுதான் முதுகு வலியால் கல் லாரியை விட்டிருந்தேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெட்டியைத் தட்டினேன். ராக்கெட் படம் ஒன்று இருந்தது. அமுக்கினேன்.

அது விளையாட்டு. நாமே ராக்கெட் கட்டி, அதில் ஆளை உட்கார வைத்து, விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். தொட்டி, இயந்திரம், இறக்கை, குடை என்று சாமான் எல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் ஒன்று கட்டினேன். மேலே போனது. பனைமர உயரம் வந்ததும் தலை குப்புறப் புரண்டு, நான் கட்டிய இடத்திலேயே வந்து விழுந்தது.

சிரித்துவிட்டேன். தனியாக, சத்தமாக. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லூர்து அக்கா வேலி வழியாக எட்டிப் பார்த்தார்.

"கோவிந்து, என்ன ஆச்சு? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லவா?"

"வந்து பாருங்க."

வந்தார். அன்றைக்குப் போட்ட துணி மழையில் நனைந்தது. அவர் பஸ் கம்பெனியில் டைப் அடித்தவர், இங்கிலீஷ் படிப்பார். நான் ஆறாம் வகுப்போடு சரி. அன்றிலிருந்து கட்டுவது நான், ஓட்டுவது அவர்.

மணியம் மூன்றாவதாக வந்தான். வெல்டிங் வேலை. கேட், கிரில், தைப்பூசம் வந்தால் காவடி. ஈப்போ வட்டாரத்தில் அவன் கட்டிய காவடியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். மயிலிறகு மற்றவர்களுடையதைவிட ஒரு முழம் உயரமாக நிற்கும்.

மேல் மணியம், கீழ் மணியம்

அந்த விளையாட்டில் ராக்கெட்டில் போகிற ஆளுக்கு நாமே பேர் வைக்கலாம்.

"மொத ஆளு நான் தான்," என்றான் மணியம். "எம் பேர போடுங்க அக்கா."

அக்கா போட்டார். தப்பு அங்கேதான்.

ராக்கெட் சின்னது. ஒரு தொட்டி, ஓர் இயந்திரம், மொட்டைத் தலை. எப்படியோ நேராகப் போய்விட்டது. பூமியைச் சுற்றவும் தொடங்கிவிட்டது. மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். மணியம் என் முதுகில் அறைந்தான், எனக்கு வலி என்பதையும் மறந்து.

பிறகு திரும்பி வர எண்ணெய் இல்லை என்று தெரிந்தது.

விளையாட்டில் முன்பு சேமித்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவும் வழி இல்லை. லூர்து அக்காவுக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் மூடியாச்சா என்று மூன்று தடவை பார்ப்பார். அதே மாதிரி விளையாட்டிலும் நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்துவிடுவார். பழையது எல்லாம் அழிந்து, மணியம் மேலே இருப்பது மட்டும் பத்திரமாக இருந்தது.

முதல் வாரம் தமாஷாக இருந்தது. மணியம் காப்பிக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்ததும் முகம் மாறியது.

"பேர மாத்திடலாமா?" என்று அக்கா கேட்டார். "ரெண்டு நிமிசம். வேற பேரு போட்டா முடிஞ்சுச்சு."

"பேர அழிச்சா நான் என்னக்கா ஆவேன்?"

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் அந்தக் கண் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. அதற்கு முந்தின மாதம் ஒரு சீனருடைய வீட்டுக்கு கேட் போட்டான். கீலைப் பக்கம் மாற்றி வெல்டிங் அடித்துவிட்டான். கேட்டைத் திறந்தால் நேராக லோங்காங்கில் இறங்கும். அந்தச் சீன முதலாளி, தவுக்கே, நல்ல மனிதர், சாக்கடைக்கும் கேட் வேண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போய்ப் பப்பாளி மரத்தில் முட்டினான். மரம் ஓரமாகத்தான் நின்றது.

வலது கண்ணிலும் மங்கல் தொடங்கிவிட்டது. வெல்டிங்காரனுக்குக் கண் போனால் என்ன இருக்கிறது? சரோஜாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவனுக்குப் பயம்.

மாப்பிள்ளை அழைக்கிற வண்டி

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வழி ஒன்றுதான். இன்னொரு ராக்கெட் அனுப்பி, மேல் மணியத்தை அதில் ஏற்றி, கூட்டி வர வேண்டும். ஆள் இல்லாமல் அனுப்புவதாக முடிவு. இன்னொருவர் பேரை மேலே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

நான் கட்டினேன். பெரிய தொட்டி இரண்டு. உச்சியில் காலி இருக்கை. இறக்கையைக் கையில் எடுத்தேன்.

"நில்லு மச்சான்," என்றான் மணியம். "என்னைக் கூப்பிட வர்ற வண்டி லா. மாப்பிள்ளை அழைக்கப் போற காருக்குப் பூ வைக்க மாட்டியா? போகும்போதுதான் மொட்ட வண்டியில போனேன். வரும்போதாவது மரியாதையா வரணும்."

"என்ன செய்யணும்?"

"தலையில வை. சுத்தி வை. காவடி மாதிரி."

வைத்தேன். உச்சியைச் சுற்றி இறக்கை, அதற்கு மேல் இன்னொரு வரிசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. லூர்து அக்காகூட, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஏவினோம். பனைமர உயரம். குப்புற.

மறுபடியும். குப்புற.

அக்கா வலது பக்கம் அமுக்கிப் பார்த்தார். வலது பக்கம் குப்புற. இடது பக்கம் அமுக்கினார். ராக்கெட் வானத்தில் ஒரு வளையம் போட்டு, ஏவுகிற இடத்தில் நின்ற ஆபீஸ் கட்டடத்தைத் தேடிப் போய் இடித்தது. சரோஜா காகிதத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கோபமாகத்தான் வந்திருந்தார். முடியவில்லை.

"என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா," என்றான் மணியம், "ஆபீச இடிக்கிறீங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விலா வலித்தது. ஒவ்வொரு தடவையும் இப்போது நேராகப் போகும் என்று நினைப்போம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாக விழும். ஒரு தடவை கடலில், ஒரு தடவை பின்பக்கமாக, ஒரு தடவை நின்ற இடத்திலேயே பம்பரம் சுற்றி.

காற்று என்னைத் திருப்பிய தைப்பூசம்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு மீசை கறுப்பாக இருந்த காலம். மகள் பிறக்கும்போது ஒரு வேண்டுதல். காவடி எடுத்தேன். மணியம் கட்டியது. இறகு வழக்கம்போல ஒரு முழம் அதிகம்.

குகைக் கோயிலுக்குப் போகிற வழி. சுண்ணாம்பு மலைக்கு நடுவே ஒரு சந்து உண்டு. அங்கே காற்று ஒரே பக்கமாக அடிக்கும். சந்து முனையில் கால் வைத்தேன். காற்று உச்சி இறகைப் பிடித்தது. நான் அப்படியே திரும்பிவிட்டேன். முகம் வந்த வழியைப் பார்த்து நின்றது.

மறுபடி கோயில் பக்கம் திரும்பினேன். மறுபடி காற்று திருப்பியது.

பின்னால் வந்தவர்கள் நான் அருள் வந்து ஆடுவதாக நினைத்தார்கள். மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். ஒரு கிழவி காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். நான் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது? கடைசியில் என் மனைவி இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனாள், மாட்டு வண்டி மாதிரி.

கல் லாரியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சிம்பாங் பூலாய்க் கல் குவாரியில் பாரத்தைப் பின்னால் தள்ளி ஏற்றிவிடுவார்கள். முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டேரிங் கையில் மிதக்கும். வால்தான் வண்டியை ஓட்டும், நாம் இல்லை. பாரம் முன்னால் இருந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ராக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

மயிலுக்கு இறகு எங்கே

"அக்கா, அந்த ரெண்டு உருண்டை என்ன?" என்று கேட்டேன்.

ராக்கெட் கட்டும்போது படத்தின் மேல் இரண்டு உருண்டைகளைக் காட்ட வைக்கலாம். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா குனிந்து படித்தார். "மஞ்சள் பாரம் நிக்கிற எடம். நீலம் காத்து புடிக்கிற எடம்."

நீலம் உச்சியில், இறகுக்குள் இருந்தது. மஞ்சள் கீழே, இயந்திரத்துப் பக்கம் கிடந்தது.

சந்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

"மணியம், எறக கீழ மாத்தணும்."

"எங்க?"

"காலுக்கு."

அவன் எழுந்துவிட்டான். "மயிலெறகு காலுக்கா? இத்தன வருசமா கட்டுறேன். ஒருத்தன் காலுக்குக் கட்டச் சொன்னானா? வேணாம். நான் மேலயே இருந்துக்கிறேன்."

"காத்து தலையில புடிக்குது லா."

"புடிக்கட்டும். மரியாத கொறையக் கூடாது."

செருப்பைத் தேடினான். இடது கால் செருப்பை வலது காலில் போட்டான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. புதன்கிழமை அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்குச் சமாதானப் பேச்சு வராது.

கதவில் சாய்ந்திருந்த சரோஜாதான் பேசினார். நகராமல், சாதாரணமாக.

"ஏங்க. மயிலுக்கு எங்க இருக்கு எறகு?"

"என்ன?"

"மயிலு. உசுரோட இருக்கிற மயிலு. அதுக்கு நீள எறகு தலையிலயா இருக்கு? பின்னாலயா?"

மணியம் வாயைத் திறந்தான். மூடினான். யோசித்தான். எனக்குத் தெரிந்து அவன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது கல்யாணத்தில் தாலி கட்டும்போதுதான்.

"தலையில கொண்டை மட்டும்," என்றான் மெதுவாக.

"அப்ப வைங்க. தலையில ஒரு கொண்டை. மத்தது வாலுக்கு."

மணியம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கொண்டைக்கு நான் ஒரு கனமான சாமானைத் தேடி உச்சியில் வைத்தேன். இறக்கை எல்லாம் அடிக்குப் போனது. மஞ்சள் மேலே ஏறியது. நீலம் கீழே இறங்கியது. அக்கா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

கையை எடுங்க

புறப்பட்டது. பனைமர உயரம் தாண்டியது. மேகம் தாண்டியது. நேராக.

அறையில் ஒரே கூச்சல். மணியம் திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வலது கண்ணை வைத்துக்கொண்டு, "போகுதா? போகுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தலை மறைத்ததில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாதி வானத்தில் மூக்கு ஆடத் தொடங்கியது. மேல் தொட்டி முதலில் காலியாகிறது. பாரம் கீழே நகர்கிறது. அக்கா டைப் அடித்த கை. அது வலது சாய்ந்தால் இடது பக்கம் குத்துவார், இடது சாய்ந்தால் வலது. ஆட்டம் பெரிதானது.

கேமரன் மலைச் சாலையில் புது டிரைவர்கள் இப்படித்தான் கவிழ்ப்பார்கள். வளைவு அவர்களைக் கவிழ்க்காது. அவர்கள் கைதான் கவிழ்க்கும்.

"கைய எடுங்க அக்கா."

"எடுத்தா விழுந்துரும்!"

"எடுங்க."

எடுத்தார். இரண்டு கையையும் தூக்கி, போலீசைப் பார்த்த மாதிரி.

மூக்கு ஒரு தடவை ஆடியது. இன்னொரு தடவை, கொஞ்சமாக. பிறகு வால் இறக்கை பிடித்துக்கொண்டது. நின்றது. காற்றே இல்லாத உயரத்துக்கு அதுவாகவே போனது.

"ஏசுவே," என்றார் அக்கா, கையை இறக்காமல்.

சரோஜா அப்போதே காகிதத்தை நீட்டினார். மணியம் தலையாட்டினான். "இன்னும் ஏறல. கால் தரையில பட்டதும் போடுறேன்."

செவ்வாய்க்கிழமை, மழை

மேலே போவது ஒரு வேலை. மேலே இருக்கிறவனைப் பிடிப்பது வேறு வேலை. அவனுக்குக் கொஞ்சம் கீழே, சின்ன வட்டத்தில் சுற்றினால் அவனைவிடச் சீக்கிரம் சுற்றலாம். அப்படியே நெருங்க வேண்டும். ரவுண்டபவுட்டில் உள் பக்கமாகப் போய் முந்துகிற மாதிரி. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குத் திங்கட்கிழமை முழுக்கப் போனது.

செவ்வாய் சாயங்காலம் நாலு மணி. தகரக் கூரையில் மழை. பேசினால் கேட்கவில்லை. சரோஜா பிசாங் கோரெங் வாங்கி வந்திருந்தார். யாரும் தொடவில்லை. வாழைப்பழம் பொரித்த எண்ணெய் தாளில் ஊறிக்கொண்டிருந்தது.

இரண்டு வண்டியும் பக்கத்தில் வந்துவிட்டன. மேல் மணியம் கதவைத் திறந்து வெளியே வந்தான். முதுகில் சின்ன இயந்திரம். அக்கா அமுக்கினார். கொஞ்சம் அதிகமாக அமுக்கிவிட்டார். மேல் மணியம் வண்டியைத் தாண்டி, கொண்டையைத் தாண்டி, இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தான்.

கீழ் மணியம் மழையையும் மீறிக் கத்தினான். "என்ன விட்டுட்டுப் போறீங்களா? அக்கா! நான் போறேன்! நான் போறேன் லா!"

"நீ இங்கதான்யா இருக்க!" என்று சரோஜா கத்தினார். அவன் சட்டையை வேறு பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"மெதுவா," என்றேன் அக்காவிடம். "பின்னால ஒரு தட்டு. ஒண்ணே ஒண்ணு."

ஒரு தட்டு. நின்றான். இன்னொரு தட்டு. திரும்பி வந்தான். கை நீட்டினான். ஏணியைப் பிடித்தான். உள்ளே போய்க் கதவை மூடினான்.

சரோஜா சட்டையை விடவில்லை.

இறங்கும்போது தொட்டி, இறக்கை எல்லாவற்றையும் கழற்றி விட்டோம். கொண்டையையும். மணியம் அதற்கு ஒரு கும்பிடு போட்டான். அடிப் பக்கம் கனம், அதனால் மேல் மணியம் உட்கார்ந்த கூடு அடியைக் காட்டிக்கொண்டு தானாகவே நேராக இறங்கியது. சுற்றி நெருப்பு. பிறகு நெருப்பு அடங்கியது. குடை விரிந்தது. கடல்.

தொம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அப்புறம் கம்ப்யூட்டரின் தலையைத் தடவினார். மணியம் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டித் தட்டிப் பார்த்தான். சரோஜா பேனாவை அவன் விரலுக்குள் திணித்தார். கோட்டுக்கு மேலே போடச் சொன்ன கையெழுத்தைக் கோட்டுக்குக் கீழே போட்டான். ஆஸ்பத்திரியில் அதை ஒத்துக்கொண்டார்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு

புதன்கிழமை இடது கண் ஆப்பரேசன் முடிந்தது. அடுத்த வாரம் கட்டு அவிழ்த்ததும் மணியம் நேராக என் வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி. வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீ கெழவன் ஆயிட்ட லா."

"ஆமா."

"முன்னாடியே ஆயிட்டியா?"

"ஆமா."

அக்கா பெட்டியைத் திறந்தார். பேர்ப் பட்டியலில் மணியம் என்று இருந்தது. பக்கத்தில் முகம், உள்ளங்கை அளவு. மணியம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இந்தத் தடவை ஒரு சாண் தூரம் தேவைப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்தான்.

"இவன் சிரிக்கிறான்," என்றான்.

"ஆமா."

"மேல இருக்கும்போதும் சிரிச்சானா?"

"ஆமா."

"அத்தன நாளும்?"

"ஆமா."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல."

என்னை முறைத்தான். பிறகு அவனுக்கே அடக்க முடியவில்லை. கட்டில் ஆடியது. ஆப்பரேசன் கண், சிரிக்கக் கூடாது என்று சரோஜா அதட்டினார், சிரித்துக்கொண்டே. அவன் எழுந்து போய், திரையில் விரலை வைத்து, அந்த முகத்தின் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். யாரும் உதவக் கூடாது என்று சொன்னான்.

மேலே நாலு. கீழே இரண்டு.

ஆறு.